வாப்பா சொல்ல இருந்த வாக்கியம்

என் தம்பி ஜாஸிமுக்குப் புதுசு என்றால் உயிர். ஷார்ஜாவிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் வீட்டில் எதையாவது பழசு என்று தூக்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் பளபளவென்று ஒன்றைக் கொண்டுவந்து வைப்பான். மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, உம்மாவின் போன் எல்லாம் அப்படிப் போனவைதான். தங்கச்சி சஜ்னாவின் கல்யாணத்துக்கு வந்தவன் இந்தத் தடவை வாப்பாவின் லேப்டாப்பில் கை வைத்தான்.

அந்த லேப்டாப்தான் வாப்பாவுக்கு வாய். இதை அவனுக்கு யார் எடுத்துச் சொல்வது? சொன்னாலும் உறைக்கிற தலையா அது?

வாப்பா சேக் மைதீன் பாதி ஆயுசை தம்மாமில் ஸ்டோர் கீப்பராகக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர். தேங்காப்பட்டணம் பள்ளிவாசல் முக்கில் நின்றால் நாலு பேரைச் சேர்த்துவைத்துப் பேசிக்கொண்டே இருப்பார். மீன் வாங்கப் போனால் மீன் நாறிய பிறகுதான் வீடு வந்து சேரும். அப்படிப்பட்ட மனுஷனுக்கு நரம்பில் ஒரு நோய் வந்தது. முதலில் காலில் செருப்பு நிற்கவில்லை. பிறகு கை ஓய்ந்தது, நாக்கு குழறியது, ஒரு நாள் பேச்சே நின்றுவிட்டது. புத்திக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. இதற்கு மருந்து கிடையாது, இருப்பதை வைத்துச் சமாளியுங்கள் என்று திருவனந்தபுரத்து டாக்டர் சொல்லிவிட்டார்.

இருந்தவை இரண்டுதான். கண், வலது கைப் பெருவிரல். ஆமா என்றால் கண்ணை மேலே உயர்த்துவார். இல்லை என்றால் இறுக மூடிக்கொள்வார். மற்ற எல்லாப் பேச்சுக்கும் அந்தப் பெருவிரல்தான்.

நான் திருவனந்தபுரத்தில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் ஜாவா எழுதிப் பிழைப்பவள். அந்த ஜாவாவிலேயே வாப்பாவுக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். திரையில் தமிழ் எழுத்துகள் வரிசையாக நிற்கும். ஒரு பச்சை வெளிச்சம் அவற்றின் மேல் மெல்ல நகர்ந்து போகும். வேண்டிய எழுத்தில் வெளிச்சம் வரும்போது வாப்பா விரலுக்கு அடியில் இருக்கும் பட்டனை அழுத்தினால் அந்த எழுத்து விழும். எழுத்து சேர்ந்து சொல்லாகும், சொல் சேர்ந்து வாக்கியமாகும், கடைசியில் கம்ப்யூட்டர் அதை உரக்கப் படிக்கும். பட்டனை லேப்டாப்போடு சேர்க்க ஒரு சின்னப் பெட்டி உண்டு. அதைச் செய்து விற்ற சென்னைக் கம்பெனி இப்போது இல்லை.

முதலில் எனக்குக் கிடைத்த தமிழ்க் குரல் பெண் குரல். வாப்பா முதன்முதலாக அதில் பேசியது, "என்னைப் பொம்பிளையாக்கிட்டியே மோளே" என்பதுதான். உம்மா சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதுவிட்டாள். அடுத்த வாரமே ஆண் குரல் ஒன்றைத் தேடிப்பிடித்துப் போட்டேன். அதன்பிறகு சாயாவில் சீனி கூடிவிட்டது என்பதிலிருந்து பேப்பர் செய்திவரை அவர் விமர்சிக்காத விஷயம் இல்லை.

சஜ்னாவுக்கு மாப்பிள்ளை அமைந்தது. பையன் குளச்சல்காரன், பெயர் ரிஜ்வான். பேசி முடித்த அன்று வாப்பா வெகுநேரம் விரலை அழுத்தி ஒரு வாக்கியம் சேர்த்தார். "நிக்காஹை நானே சொல்லிக் கொடுப்பேன்."

எங்களில் நிக்காஹ் என்றால் பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் மகளை உமக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று சொல்ல வேண்டும். வாப்பாவால் முடியாவிட்டால் அவர் ஒருவரை வக்கீலாக்குவார், அந்த ஆள் சொல்வார். என் நிக்காஹ் அப்படித்தான் நடந்தது. வாப்பாவுக்கு தம்மாமில் லீவு கிடைக்கவில்லை. மாமா வக்கீலாக இருந்து சொன்னார். மைக்குப் பக்கத்தில் ஒரு போனைப் பிடித்திருந்தார்கள், அதில் வாப்பா கேட்டுக்கொண்டிருந்தார். பாதியில் லைன் கட்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டு, நிக்காஹ் முடிந்துவிட்டதா என்று, "கழிஞ்சா? கழிஞ்சா?" எனக் கத்திக் கேட்டாராம். அப்போதே அவர், இளையவளுக்கு நான் என் வாயால் சொல்லுவேன் என்று உம்மாவிடம் சத்தியம் செய்திருந்தார். வாய் போன பிறகும் அதை அவர் விடவில்லை.

நிக்காஹ் நடத்திவைக்கும் பள்ளிவாசல் கத்தீபைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாப்பா பேசுவதை ரொம்ப நேரம் பார்த்தார்.

"அழுத்துறது அவருக்க விரலு. அப்போ பறையுறதும் அவருதான். வேற ஆளுக்க விரலு அதுல படப்பிடாது, அவ்வளவுதான். இல்லேண்ணா கண்ணால ஜாஸிமை வக்கீலாக்கினாலும் நிக்காஹ் செல்லும். ஆனா இவரு ஆசைப்படுறாரே, பின்ன என்ன?" என்றார்.

வாப்பா உடனே பச்சை வெளிச்சத்தைத் துரத்தி நன்றியாக ஒரு ஜஸாகல்லாஹ் சேர்த்தார். அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் என் நிக்காஹுக்குப் பிறகு எடுத்த எந்தப் போட்டோவிலும் பார்த்ததில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. இருக்கட்டுமே, எனக்குத்தான் கிடைக்கவில்லை, அவளுக்காவது கிடைக்கட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் ஷார்ஜாவிலிருந்து நம் வள்ளல் வந்து இறங்கினான்.

வந்த வாரமே, நான் திருவனந்தபுரத்தில் இருக்கும்போது, பழைய லேப்டாப்பை மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கொடுத்துவிட்டு, காகிதம் மாதிரி மெலிசாக ஒரு புது லேப்டாப்பை வாப்பா முன்னால் வைத்துவிட்டான். கல்யாணத்தன்று நாலு பேர் பார்க்கிற இடத்தில் விரிசல் விட்ட லேப்டாப் இருந்தால் நன்றாகவா இருக்கும் என்பது அவன் எண்ணம். அன்பில் செய்ததுதான். அதுதான் எரிச்சலே. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் நிம்மதியாக நாலு அறை கொடுத்திருக்கலாம்.

உம்மா போனில் அழுதாள். "மோளே, வாப்பாக்க மெஷின் பேசல்ல. சேப்பு சேப்பா என்னமோ எழுதிக் காட்டுது."

நான் ஜாஸிமைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி ஏசினேன்.

"லாத்தா, நான் எல்லாத்தையும் காப்பி பண்ணிட்டுத்தான் கொடுத்தேன். ஒனக்க போல்டர் அப்படியே இருக்கு, ஒரு பைலுகூட விடல்ல" என்றான்.

"ஏலே, போல்டர் இருந்தா போதுமாலே? எங்கிட்ட கேட்டியா ஒரு வார்த்த? அந்தக் கடையில போயி அதைத் திரும்ப வாங்கிட்டு வா."

போனான். கடைக்காரர் அதற்குள் அதைப் பிரித்து, உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துவிட்டிருந்தார்.

சிவப்பில் எழுதிக் காட்டியது என்ன என்று படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நேட்டிவ் லைப்ரரி இல்லை. அன்சாட்டிஸ்ஃபைட் லிங்க் எரர், அதாவது நிறைவேறாத இணைப்பு, என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரில் கவிதை தேடுகிறவர்கள் என் ஆபீஸிலேயே உண்டு. எனக்கு அதைப் பார்த்தால் வயிறுதான் எரியும்.

ஜாவா எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும் என்று பெருமையடிப்பார்கள். நானும் இன்டர்வியூவில் அடித்திருக்கிறேன். ஓடும்தான். லாரியும்தான் எந்த ஊருக்கும் ஓடும். ஆனால் சரக்கை இறக்க அந்தந்த ஊர்ச் சுமட்டுக்காரர் வந்தால்தான் ஆயிற்று. அதுபோல, வெளியே இருக்கும் ஒரு பெட்டியைத் தொட வேண்டும் என்றால் ஜாவாவால் தானாக முடியாது. அந்தக் கம்ப்யூட்டரின் சொந்த பாஷையில் எழுதிய ஒரு சின்னக் கோப்பு கூட வேண்டும். அதைத்தான் நேட்டிவ் லைப்ரரி என்கிறோம். வாப்பாவின் பட்டன் பெட்டிக்கான கோப்பு என் போல்டரில் இல்லை. பெட்டியை முதன்முதலில் பொருத்தியபோது அதுவாகவே விண்டோஸின் உள்ளே ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. ஜாஸிம் அள்ளிய போல்டர்களில் அந்த மூலை எப்படி இருக்கும்?

அந்தச் சென்னைக் கம்பெனியின் வலைத்தளம் செத்துப் போயிருந்தது. பெட்டியோடு வந்த சிடி எங்கே என்று கேட்டால், போன நோன்புக்கு முன்னால் வீடு வெள்ளையடித்தபோது போயிற்று என்றாள் உம்மா. ஆபீஸ் வேலைக்கு நடுவில் ஊர்பேர் தெரியாத தளங்களில் எல்லாம் அந்த ஒரு கோப்பைத் தேடி அலைந்தேன். அதே பெயரில் கிடைத்த இரண்டும் வேறு எதற்கோ உள்ளவை. லீவு கேட்டால் மேனேஜர், கல்யாணத்துக்கு முந்தின நாளிலிருந்து எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். உம்மா தினமும் கூப்பிட்டு, "ஆச்சா மோளே?" என்பாள். வாப்பா வெறுமனே மோட்டுவளையைப் பார்த்துக் கிடக்கிறார் என்பாள்.

ஊருக்குக் கிளம்பும் அன்றுதான் புத்தி வந்தது. அந்தப் பெட்டி வாங்கிய புதிதில் ஆபீஸ் தோழி ஒருத்தியிடம் சந்தேகம் கேட்டு, கோப்பையும் சேர்த்து அவளுக்கு மெயில் அனுப்பியிருந்தேன். தேடினேன். இருந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

வீட்டில் பந்தல் போட்டிருந்தார்கள். நேராக முன் அறைக்குப் போய், வாப்பாவின் நெற்றியில் முத்தம் கொடுத்து, "கெடச்சாச்சு வாப்பா, நாளைக்கு நீங்கதான் சொல்லப் போறீங்க" என்றேன். வாப்பா என்னையே பார்த்தார். மேலேயும் பார்க்கவில்லை, கண்ணை மூடவும் இல்லை. நான் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

கோப்பைச் சரியான இடத்தில் வைத்து, லைப்ரரி பாதையை எழுதி ஓட்டினால், இப்போது வேறு சிவப்பு. கோப்பு இருக்கிறதாம், ஆனால் அது இன்டெல் சிப்புக்கு எழுதியதாம், இந்த லேப்டாப் ஏஆர்எம் சிப்பாம், ஏற்ற முடியாதாம். தம்பி வாங்கிவந்தது மெலிசு மட்டுமா, வேறு ஜாதி சிப் வேறு. அவனை இன்னொரு சுற்று ஏசினேன். அவன் தலையைக் குனிந்து நின்றான், சாப்பிடக்கூட இல்லை என்று உம்மா சொன்னாள். வீடு முழுக்க விருந்தாளி. சஜ்னாவுக்கு மருதாணி, உறவுக்காரப் பெண்களின் பாட்டு என்று அன்று பொழுது என் கையில் நிற்கவில்லை.

மறுநாள் விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் உட்கார்ந்தேன். வழி எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. புது லேப்டாப்பில் இருந்த ஜாவாவை எடுத்துவிட்டு, இன்டெல்லுக்கான ஜாவாவைப் போட்டேன். விண்டோஸ் அதைத் தன் சிப்புக்கு மொழிபெயர்த்து ஓட்டிக்கொள்ளும். மறுபடி ஒரு சிவப்பு வந்தது. கோப்பு சார்ந்திருக்கும் இன்னொன்று இல்லையாம். அதையும் இறக்கிப் போட்டேன். ஓட்டினேன்.

திரை திறந்தது. சிவப்பு இல்லை. எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன, பச்சை வெளிச்சம் அ-வில் ஏறி நகர ஆரம்பித்தது.

நான் துள்ளிக் குதித்தேன். கதவைச் சாத்திவிட்டு வந்து வாப்பாவின் கையைப் போர்வையிலிருந்து எடுத்து, பட்டனைப் பெருவிரலுக்கு அடியில் வைத்துப் பட்டையைச் சுற்றினேன்.

"வாப்பா, ஒண்ணு அழுத்துங்க."

வெளிச்சம் நகர்ந்தது. எழுத்து விழவில்லை. போர்ட் எண் மாறியிருக்கும் என்று அதைத் திருத்தினேன். விழவில்லை. வயரைக் கழற்றி வேறு துளையில் சொருகினேன். விழவில்லை. இந்த வேலையில் ஒரு பழக்கம் உண்டு, எது வேலை செய்கிறது என்று ஒவ்வொன்றாகத் தனியே பிரித்துப் பார்ப்போம். பட்டனை வாப்பாவின் விரலிலிருந்து எடுத்து நான் அழுத்தினேன். 'அ' விழுந்தது. லேப்டாப், "அ" என்று ஆண் குரலில் சொன்னது. இன்னொரு தடவை அழுத்தினேன், விழுந்தது. திரும்ப வாப்பாவின் விரலுக்கு அடியில் வைத்தேன். வெளிச்சம் வரிசை முழுக்கப் போய்விட்டுத் திரும்பி வந்தது.

அப்போதுதான் வாப்பாவைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. ஆரம்பத்திலிருந்து என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா... விரலு அசையல்லியா?"

கண் மேலே போனது.

"நேத்தே ஒங்களுக்குத் தெரியுமா?"

கண் மறுபடியும் மேலே போனது.

நோய் அந்த விரலையும் பிடித்துவிட்டது. பட்டன் இல்லாத அந்த நாட்களில் அந்த விரலிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. உம்மா குளிப்பாட்டித் துடைத்துப் போர்வைக்குள் வைத்தாள். நான் இணையத்தில் ஒரு கோப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, வாப்பாவிடம் மிச்சமிருந்த அழுத்தல்கள் எல்லாம் போர்வைத் துணியில் தீர்ந்துவிட்டிருக்கின்றன. அந்த நாட்களில் அவர் எத்தனை பேசியிருப்பார்! அவர் கையைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதேன். வெளியே பிரியாணி அண்டாவை இறக்குகிறவர்கள் ஒருவரை ஒருவர் அதட்டிக்கொண்டிருந்தார்கள்.

புருவத்தில் ஒட்டுகிற பட்டன் உண்டு. கண்ணைப் பார்த்து எழுதுகிற கேமரா உண்டு. எல்லாம் எனக்குத் தெரியும், எல்லாவற்றையும் செய்யத்தான் போகிறேன். ஆனால் மாப்பிள்ளை வீட்டுக் கார்கள் வந்து நிற்கிற சத்தம் கேட்டுவிட்டது. நான் குனிந்து வாப்பாவின் காதில் கேட்டேன்.

"வாப்பா, நான் அழுத்தட்டா? பட்டன் போர்வைக்குள்ளதான் இருக்கும். ஒரு ஆளுக்கும் தெரியாது. நீங்க சொன்ன மாதிரியே இருக்கும்."

வாப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறக்கவே இல்லை. நான், "செரி வாப்பா, செய்யல்ல" என்று சொன்ன பிறகுதான் திறந்தார்.

"ஜாஸிம் சொல்லட்டா?"

மேலே.

"விரலு போனதை உம்மாட்ட பறையட்டா?"

மூடினார்.

"இன்னைக்கு வேண்டாம், பொறவு பறையலாமா?"

மூடினார்.

எனக்குப் புரியவில்லை. கல்யாண நாள் அதுவுமாக வேண்டாம் என்றால் சரி, பிறகும் வேண்டாம் என்றால்? அந்த நேரம் கதவுக்கு வெளியே ஜாஸிமின் குரல் கேட்டது. "லாத்தா, செரியாச்சா?" பயந்து பயந்து கேட்டான். வாப்பாவின் கண் கதவுப் பக்கம் போய், திரும்ப என்மேல் வந்து நின்றது.

"ஜாஸிமுக்காகவா வாப்பா? ஒங்க கடைசிப் பேச்செல்லாம் அவனாலதான் போச்சுண்ணு நெனப்பான்னா?"

கண் மேலே போய் அப்படியே நின்றது. கண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. நான் துடைத்துவிட்டேன்.

லேப்டாப்பை மூடினேன். முகத்தைக் கழுவிவிட்டுக் கதவைத் திறந்தேன். ஜாஸிம், உம்மா, கத்தீபு மூன்று பேரும் நின்றிருந்தார்கள். பின்னால் மாமாக்கள்.

"செரியாகல்ல" என்றேன்.

ஜாஸிமின் முகம் சுருங்கிப்போனது. "நான் வாங்கின லேப்டாப்புனாலதானே லாத்தா? நான்தானே..."

"போலே. ஒனக்க லேப்டாப்பு நல்லதுதான். அதுல ஒரு கொறையும் இல்ல. எனக்குத்தான் தெரியல்ல."

சொல்லி முடிப்பதற்குள் உம்மா வெடித்தாள். "எத்தன நாளா தேடுறேன் தேடுறேன்னுட்டு என்னத்தட்டி செஞ்ச? ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் செரியாக்குறா, பெத்த வாப்பாக்கு ஒரு பெட்டிய நேராக்கத் தெரியல்ல! அவரு இந்த ஒரு நாளுக்காகத்தானே கெடந்தாரு? இதுக்காட்டி நீ படிச்ச?"

மாமா ஒருவர், இந்தக் காலத்துப் படிப்பு இவ்வளவுதான் என்று யாரிடமோ சொன்னார். வேலையில் என்னை யாராவது தெரியாதவள் என்று சொன்னால் நான் அடுத்த பஸ் ஏறிப்போய்ச் சண்டை போடுகிறவள். அன்று வாயைத் திறக்கவில்லை. உள்ளே கட்டிலில் வாப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

கத்தீபு வாப்பாவின் பக்கத்தில் போய், ஜாஸிமை வக்கீலாக்கச் சம்மதமா என்று கேட்டார். வாப்பா மேலே பார்த்தார். பந்தலில் ஜாஸிம் ரிஜ்வானின் கையைப் பிடித்து, என் வாப்பாவின் வக்கீலாக நின்று என் தங்கை சஜ்னாவை உமக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று சொன்னான். பாதியில் நின்று, மறுபடி முதலிலிருந்து சொன்னான். உள்ளே பெண்கள் நடுவில் சஜ்னா குனிந்து உட்கார்ந்திருந்தாள். ஜாஸிமின் குரல் மைக்கில் வந்ததும் அவள் தலை இன்னும் தாழ்ந்தது.

சாப்பாடு முடிந்து, குளச்சலுக்குக் கிளம்புகிற நேரத்தில் அவள் வாப்பாவிடம் வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மருதாணிக் கையால் அவருடைய வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வெசனப்படாதீங்க வாப்பா. லாத்தா இன்னும் கொறச்சு நாள்ல நேராக்கிருவா. நேரானதும் மொதல் பேச்சு எங்கிட்டதான் பேசணும், கேட்டியளா? உம்மாட்ட இல்ல, லாத்தாட்ட இல்ல. இந்த விரலாலயே அழுத்தி எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பணும். அனுப்புவியளா?"

அவள் அந்தப் பெருவிரலைத்தான் தடவிக்கொண்டிருந்தாள். உம்மா, ஜாஸிம், மாப்பிள்ளை எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

வாப்பா என் பக்கம் பார்க்கவில்லை. அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணை மேலே உயர்த்தினார்.